வேண்டாத சிகிச்சையைத் தள்ளிவைக்கும் படம்

பெட்-சி.டி. ஸ்கேனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், தமக்குப் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த இயந்திரம் சொல்லிவிடும் என்ற எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் எங்கள் பிரிவுக்கு வந்து சேரும்போது அவர்களில் பலருடைய கோப்பில் பயாப்சி என்ற திசுச் சோதனையின் ரிப்போர்ட் ஏற்கெனவே இருக்கும். நோயின் பெயரும் வகையும் தெரிந்திருக்கும். மருத்துவர் அறிய விரும்புவது வேறு: நோய் எதுவரை பரவியிருக்கிறது, கத்தி வைத்தால் பயன் உண்டா, கொடுத்த மருந்து வேலை செய்கிறதா, சிகிச்சை முடிந்த பிறகு உள்ளே எஞ்சியிருக்கும் கட்டி உயிரோடு இருக்கிறதா அல்லது வெறும் தழும்பா. கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் அணு மருத்துவப் பிரிவில் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து ஒன்று உண்டு. செய்யத் தேவையில்லாத அறுவையையும் கொடுக்கத் தேவையில்லாத மருந்தையும் தள்ளிவைக்கும் துணிவை மருத்துவருக்குக் கொடுப்பதே இந்த ஸ்கேனின் ஆகப்பெரிய பயன் என்பதுதான் அது. அந்தத் துணிவு எப்படி வருகிறது, எந்த இடத்தில் அது ஏமாற்றும் என்பதை எழுதலாம் என்று தோன்றியது.

சி.டி. ஸ்கேன் எக்ஸ் கதிரைக் கொண்டு உடம்பின் வடிவத்தைக் காட்டுகிறது. ஒரு நிணநீர்க் கணு 1 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தால் அதைப் பொதுவாகச் சந்தேகப்படுவார்கள். ஆனால் 8 மில்லிமீட்டர் கணுவுக்குள் நோய் குடியிருக்கலாம். 15 மில்லிமீட்டர் கணு எப்போதோ வந்த தொற்றின் மிச்சமாக இருக்கலாம். அளவை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. பெட் ஸ்கேன் வடிவத்தைக் காட்டுவதில்லை. எந்தத் திசு எவ்வளவு சர்க்கரையை இழுக்கிறது என்பதைக் காட்டுகிறது. அதைத் தனியாகப் பார்த்தால், இரவில் உயரத்திலிருந்து ஓர் ஊரைப் பார்ப்பது போல இருக்கும்: விளக்குகள் தெரியும், அவை எந்தத் தெருவில் எரிகின்றன என்பது தெரியாது. கழுத்தில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால் அது கணுவா, தசையா, தைராய்டா என்று அனுபவசாலிகள்கூடத் தடுமாறுவார்கள்.

இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம்தான் முதலில் இருந்தது. கணினியில் ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தவும் முயன்றார்கள். மண்டைக்குள் மூளை நகராது என்பதால் தலையைப் பொறுத்தவரை அது ஓரளவு கைகொடுத்தது. மார்பிலும் வயிற்றிலும் தோற்றது. திங்கட்கிழமை எடுத்த சி.டி.யில் கிடந்த விதமாகவே ஒருவர் புதன்கிழமை பெட் ஸ்கேனில் கிடக்கமாட்டார். கை வேறிடத்தில் இருக்கும், குடல் வேறு விதமாக உப்பியிருக்கும். டேவிட் டவுன்சென்ட் என்ற இயற்பியலாளரும் ரொனால்ட் நட் என்ற பொறியாளரும் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது: இரண்டு கருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கூட்டில் வைத்து, நோயாளி படுத்திருக்கும் மேசையை இரண்டின் ஊடாகவும் நகர்த்துவது. அவர்களுடைய மாதிரிக் கருவி 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் டைம் இதழ் அதை அந்த ஆண்டின் மருத்துவக் கண்டுபிடிப்பாக அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் தனி பெட் கருவி வாங்குவார் இல்லாமல் போனது. இந்தியாவில் பெட் ஸ்கேன் 2002இல் மும்பையில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவ மையத்தில் தொடங்கியது; இணைந்த கருவி 2004இல் அதே நகரின் டாடா நினைவு மருத்துவமனைக்கு வந்தது.

சர்க்கரையின் கதை இன்னும் பழையது. புற்றுத் திசு, பக்கத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும், சர்க்கரையை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக்கி மிக ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறது என்பதை ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார். இந்தப் பேராசையைப் படமாக்க வேண்டுமானால், செல் விழுங்கும், ஆனால் செரிக்க முடியாத ஒரு சர்க்கரை தேவை. எஃப்.டி.ஜி. என்று நாங்கள் சொல்லும் மருந்து அதுதான்: குளுக்கோஸின் ஒரு மூலையில் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டப்பட்டிருக்கும். செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்து, முதல் படியாக அதன்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றும். அதற்கடுத்த படிக்கு அந்த மூலக்கூறு பொருந்தாது. முன்னேயும் போகாமல் வெளியேயும் வராமல் அது செல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். அங்கிருந்தபடி பாசிட்ரான் என்ற நுண்துகளை வெளியிடும். அந்தப் பாசிட்ரான் அருகிலுள்ள எலெக்ட்ரானோடு மோதி அழியும்போது தலா 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு கதிர்கள் நேர் எதிரெதிர்த் திசைகளில் பாயும். நோயாளியைச் சுற்றியுள்ள வளையத்தின் இரு புறங்களிலும் ஒரே நேரத்தில் வந்து விழும் கதிர்களை மட்டும் கருவி கணக்கில் எடுத்துக்கொண்டு, அவை புறப்பட்ட இடத்தைக் கோடு போட்டுக் கண்டுபிடிக்கிறது.

ஃபுளூரின்-18இன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடங்கள். எங்கள் பிரிவின் அன்றாடத்தை ஆள்வது இந்த எண்தான். கதிரியக்க அணுவை உண்டாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் உள்ள இடத்தில் விடியும் முன்பே மருந்து தயாராகி, தரம் பார்க்கப்பட்டு, ஈயப் பெட்டியில் வண்டி ஏறும். வழியில் கடக்கும் ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் பாதிக்கு மேல் கரைந்துவிடும். 1976இல் மனிதருக்கு முதன்முதலாக இந்த மருந்தைச் செலுத்தியபோதும் இதே அவசரம் இருந்தது: நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். இன்று எங்களுக்கு வண்டியில் வருகிறது. நெரிசலில் அது நின்றுவிட்டால், பட்டியலில் கடைசியாக இருப்பவருக்கு மருந்து போதாமல் போகும். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னவர் பத்து மணிக்கு வந்தால் நாங்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் ஒழுங்கைப் பற்றிய பிடிவாதம் அன்று; அவருக்காக அளந்து வைத்திருந்த மருந்தில் பாதிக்குமேல் அதற்குள் இல்லாமல் போயிருக்கும்.

மருந்து சர்க்கரையின் வேடத்தில் போவதால், உண்மையான சர்க்கரை அதற்குப் போட்டியாளர். எனவே குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் அருந்தாமல் வரவேண்டும் என்று முந்தைய நாளே தொலைபேசியில் சொல்கிறோம். மறுநாள் காலையில் கேட்டால், “கஞ்சித் தண்ணிதான் குடிச்சேன் தம்பி, வேற ஒண்ணும் சாப்பிடலையே” என்று வெள்ளந்தியாகச் சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள். காபி, இளநீர், இருமல் மருந்து எல்லாமே இந்தக் கணக்கில் சாப்பாடுதான். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், மருந்தைக் கட்டிக்குப் போகவிடாமல் தசைகளுக்குள் தள்ளிவிடும். படத்தில் தோளும் தொடையும் ஒளிர, தேடிவந்த கட்டி மங்கித் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் வேறு நாள் குறிப்போம். மெட்ஃபார்மின் மாத்திரை குடலை ஒளிரவைக்கும் என்பதால், வயிற்றுப் பகுதியில் சந்தேகம் உள்ளவர்களுக்கு மருத்துவரின் ஒப்புதலோடு அதை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வதுண்டு.

ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் தனி அறையில் பேசாமல், அசையாமல் இருக்க வேண்டும். இதைத் தண்டனை போல எண்ணுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கைப்பேசியில் உறவினர் எல்லோருக்கும் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தால் குரல்வளைத் தசைகள் மருந்தை இழுக்கும். தொண்டைப் புற்றுநோயாளியின் படத்தில் அது எவ்வளவு குழப்பத்தை உண்டாக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர் இன்னொரு தொல்லை. ஏ.சி. அறையில் நடுங்கிக்கொண்டிருக்கும் இளம்பெண்களுக்குக் கழுத்திலும் தோள்பட்டையிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு, உடம்பைச் சூடேற்றும் வேலையில் இறங்கிச் சர்க்கரையை எரிக்கத் தொடங்கும்; கணுக்கள் இருக்கக்கூடிய அதே இடத்தில் இரு பக்கமும் ஒளிக்கோடுகள் தெரியும். நாங்கள் கம்பளி போர்த்திவிடுவதும், முந்தைய நாள் உடற்பயிற்சி வேண்டாம் என்பதும் இதற்காகத்தான்.

இணைந்த கருவியில் சி.டி.யின் வேலை இடத்தைக் காட்டுவதோடு முடிந்துவிடுவதில்லை. உடம்பின் ஆழத்திலிருந்து புறப்படும் கதிர்களில் பெரும்பகுதி வெளியே வருமுன் திசுக்களில் தடுக்கப்பட்டுவிடும். தோலுக்கு அருகில் இருப்பவை எளிதாக வந்துவிடும். எந்த இடத்தில் எவ்வளவு தடுக்கப்பட்டிருக்கும் என்பதை சி.டி. தரும் அடர்த்திக் கணக்கைக் கொண்டு சரிசெய்கிறார்கள். முன்பு இதற்கென்றே தனியாக ஒரு கதிரியக்கக் கம்பியைச் சுழற்றி நெடுநேரம் அளந்தார்கள். இப்போது சில நொடிகளில் முடிகிறது. ஆனால் இந்தத் திருத்தமே சில சமயம் பொய்யை உண்டாக்கும். பல்லில் அடைத்த உலோகத்தையும் பேஸ்மேக்கரையும் சி.டி. மிகையான அடர்த்தியாகக் காண்பதால், அங்கே இல்லாத ஒளி கூட்டிக் காட்டப்படும். மூச்சும் இப்படித்தான். சி.டி. சில நொடிகளில் எடுக்கப்படுகிறது, பெட் பல நிமிடங்கள் நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கப்படுகிறது. அதனால் கல்லீரலின் உச்சியில் உள்ள கட்டி, நுரையீரலின் அடியில் இருப்பது போலப் படத்தில் ஏறிவிடும். நுரையீரலில் பரவியிருக்கிறது என்று எழுதிவிட்டால் ஒருவருடைய சிகிச்சையே திசைமாறிவிடும் என்பதால், அனுபவமுள்ள மருத்துவர்கள் திருத்தம் செய்யாத படத்தையும் திறந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதுவார்கள். வண்ணமயமான இணைப்புப் படத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பார்க்க அழகாக இருக்கும், தவறு அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

இனி, வேண்டாதவற்றைத் தள்ளிவைப்பது பற்றி. நுரையீரல் புற்றுநோய்க்கு மார்பைத் திறந்து செய்யும் அறுவை பெரிய அறுவை. திறந்து பார்த்தபின் நோய் ஏற்கெனவே பரவியிருக்கிறது என்று தெரிந்தாலும், சில மாதங்களிலேயே நோய் திரும்பிவிட்டாலும், அந்த அறுவை வீண். டென்மார்க்கில் 189 நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான பரிசோதனைகள் மட்டும் செய்துகொண்ட பிரிவில் 73 பேருக்கு மார்பு திறக்கப்பட்டது. அவற்றில் 38 அறுவைகள் வீணாயின. பெட்-சி.டி.யும் சேர்த்துச் செய்துகொண்ட பிரிவில் 60 பேருக்குத்தான் திறக்கப்பட்டது, வீணானவை 21. இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு தென்படவில்லை. இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு, அப்படியானால் ஸ்கேனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. விலா எலும்புகளை விலக்கிச் செய்யும் அறுவையின் வலியையும், தேறி எழும் வாரங்களையும், எஞ்சியிருக்கும் காலம் குறைவானது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் பயன் விளங்கும். ஆயுளைக் கூட்டாமலேயே ஒரு பரிசோதனை ஒருவருக்கு நன்மை செய்ய முடியும்.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோய் இன்னொரு விதமான உதாரணம். இளம் வயதினரைத் தாக்கும் இந்த நோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது. அதனாலேயே சிகிச்சையின் பின்விளைவுகளோடு அவர்கள் பல பத்தாண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது. நான்கு மருந்துகளைக் கொண்ட ஏ.பி.வி.டி. என்ற கீமோவில் பிளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. முற்றிய நிலையில் உள்ள 1,214 பேரைச் சேர்த்து நடந்த ராத்ல் என்ற ஆய்வில், இரண்டு சுற்றுக் கீமோ முடிந்ததும் பெட்-சி.டி. எடுத்தார்கள். அதில் நோயின் ஒளி அடங்கிவிட்டவர்களில் ஒரு பாதியினருக்கு நான்கு மருந்துகளையும் தொடர்ந்தார்கள். மறு பாதியினருக்குப் பிளியோமைசினை நிறுத்திவிட்டு மூன்றை மட்டும் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளின் முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 85.7 விழுக்காடு, இரண்டாவதில் 84.4 விழுக்காடு. 2016இல் இந்த முடிவு வெளிவந்த பிறகு, இரண்டாம் சுற்றுக்குப் பிந்தைய ஸ்கேன் பல நாடுகளில் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. சிகிச்சை முடிந்த பிறகும் இதே நோயில் பெட்-சி.டி.க்கு ஒரு வேலை இருக்கிறது. மார்புக் கூட்டின் நடுவில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி எஞ்சியிருந்தால் சி.டி.யால் அது நோயா தழும்பா என்று சொல்ல முடியாது. சர்க்கரையை இழுக்காத கட்டி பெரும்பாலும் தழும்புதான்.

மூன்றாவது உதாரணம் கழுத்து. தலை, கழுத்துப் புற்றுநோயில் கணுக்களுக்கும் நோய் பரவியிருந்தால், கதிர்வீச்சும் கீமோவும் முடிந்தபின் கழுத்தைத் திறந்து கணுக்களை அகற்றுவது முன்பு பரவலான வழக்கமாக இருந்தது. தோள் தூக்க முடியாமை, மரத்துப்போதல், கழுத்து இறுகிப்போதல் என்று அந்த அறுவை விட்டுச்செல்பவை பல. பிரிட்டனில் 564 பேரிடம் நடந்து 2016இல் வெளியான பெட்-நெக் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வழக்கப்படி அறுவை செய்தார்கள். மற்றவர்களுக்குச் சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்துப் பெட்-சி.டி. எடுத்து, சந்தேகம் இருந்தவர்களுக்கு மட்டும் அறுவை செய்தார்கள். முதல் பிரிவில் 221 கழுத்து அறுவைகள், இரண்டாவதில் 54. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 81.5 விழுக்காடும் 84.9 விழுக்காடும். வாய், தொண்டைப் புற்றுநோய் மலிந்த நம் நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும் என்று சட்டென்று தோன்றும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த ஆய்வில் இருந்த பெரும்பான்மையோருக்கு, எச்.பி.வி. வைரஸால் அடிநாக்கு, டான்சில் பகுதியில் வந்த நோய். கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. நாம் அதிகம் பார்ப்பது புகையிலையாலும் பாக்காலும் கன்னத்திலும் நாக்கின் ஓரத்திலும் வரும் நோய். அதற்கு முதல் சிகிச்சையே அறுவைதான். கதிர்வீச்சும் கீமோவும் முதன்மைச் சிகிச்சையாக அமைகிற தொண்டை, குரல்வளை நோயாளிகளுக்கு இந்த 12 வாரக் கணக்கு கைகொடுக்கும். அதற்கு முன்பே அவசரப்பட்டு எடுத்தால், கதிர்வீச்சால் ஏற்பட்ட புண்ணும் வீக்கமும் நோய் போலவே ஒளிர்ந்து வீண் பயாப்சியில் கொண்டுபோய் விடும்.

வேண்டாம் என்று சொல்லும் இதே படம், தவறாகவும் வேண்டாம் என்று சொல்லிவிடும். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால் பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். காசநோய்க் கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் சர்க்கரையை ஆவலோடு எரிப்பவைதான், எஃப்.டி.ஜி.க்கு இரண்டும் ஒன்றே. ஐரோப்பிய ஆய்வுகளின் எண்களை இங்கே அப்படியே வைத்துக்கொள்ள முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு வலது நுரையீரலில் அறுவைக்கு ஏற்ற அளவில் கட்டி இருந்தது. பயாப்சியில் உறுதியும் ஆகியிருந்தது. எங்கள் ஸ்கேனில் கட்டியோடு சேர்த்து, இடப்பக்கத்து மார்புக் கணுக்களும் பளிச்சென்று ஒளிர்ந்தன. எதிர்ப்பக்கக் கணுவுக்கு நோய் போய்விட்டால் நிலை மூன்றின் பிற்பகுதி, அறுவைக்கு வாய்ப்பில்லை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அறுவைத் தேதியை நீக்கியிருக்கலாம். அந்த மருத்துவர்கள் அப்படிச் செய்யவில்லை. மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்டு உதவியோடு ஊசி செலுத்தி அந்தக் கணுக்களிலிருந்து திசு எடுத்தார்கள். கிடைத்தது புற்று செல் அன்று, காசநோயில் காணப்படும் கிரானுலோமா என்ற வெள்ளணுத் திரள். காசநோய் மருந்து தொடங்கப்பட்டது, அறுவையும் நடந்தது. சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடிய ஒரே ஒரு ஒளிர்வு இருந்தால், அதிலிருந்து ஊசியளவு திசுவாவது எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பது அணு மருத்துவத்தில் பாலபாடம். ஆனாலும் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் “எல்லா இடத்துக்கும் பரவிடுச்சாம் சார்” என்று உடைந்துபோகும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில ஒளிர்வுகள் பிறகு வேறொன்றாக மாறியதையும் பார்த்திருக்கிறேன்.

காசநோய் மட்டும் அன்று. அண்மையில் செய்த அறுவையின் காயம், நிமோனியா, கணுக்களை வீங்கவைக்கும் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், தடுப்பூசி போட்ட கையின் அக்குள் கணு என்று பட்டியல் நீளம். கீமோவுக்குப் பின் வெள்ளணுக்களைப் பெருக்கப் போடும் ஊசியால் எலும்பு மஜ்ஜை முழுவதும் ஒரே சீராக ஒளிரும். இளைஞர்களுக்கு மார்பில் தைமஸ் சுரப்பி மீண்டும் தலைதூக்கும். எப்போது எந்த ஊசி போட்டார்கள் என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்பது வெட்டிப் பேச்சுக்காக அன்று.

ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது எஸ்.யு.வி. என்ற எண்ணை. உடல் எடையையும் செலுத்திய மருந்தின் அளவையும் கணக்கில் கொண்டு, அந்த இடம் எவ்வளவு மருந்தை இழுத்திருக்கிறது என்று சொல்லும் அளவு அது. போன முறை 8.4, இந்த முறை 7.6, நோய் குறைந்துவிட்டதா என்று கேட்பார்கள். அந்த அளவு வேறுபாட்டுக்குப் பொருள் ஒன்றும் இல்லை. அன்றைய இரத்தச் சர்க்கரை, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடையே சென்ற நேரம், கருவியின் வகை, படத்தைக் கணக்கிட்ட மென்பொருள் என எல்லாமே இந்த எண்ணை அசைக்கும். 60 நிமிடம் கழித்து எடுத்த படத்தையும் 90 நிமிடம் கழித்து எடுத்த படத்தையும் எண்ணால் ஒப்பிடுவது நியாயம் ஆகாது. லிம்ஃபோமா மருத்துவர்கள் இந்தச் சிக்கலைத் தவிர்க்க, பிரான்சின் டோவில் நகரில் 2009இல் கூடி வகுத்த ஐந்து புள்ளி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்: கட்டியின் ஒளியை அதே நோயாளியின் கல்லீரலோடும் மார்பின் இரத்த நாளங்களோடும் ஒப்பிடுவது. அன்றைய சர்க்கரையும் அன்றைய கருவியும் கல்லீரலுக்கும் பொதுவானவை என்பதால் கணக்கு பெருமளவு நேராகிவிடும். முடிந்தவரை ஒரே மையத்தில், ஒரே கருவியில் தொடர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ஒளிராத புற்றுநோய்களும் இருக்கின்றன. சளி போன்ற பொருளைச் சுரக்கும் குடல், இரைப்பைக் கட்டிகள், மார்பகத்தில் பால் சுரப்பி மடல்களில் வரும் லோபுலர் வகை, சிறுநீரகக் கட்டிகளில் பல, ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் ஆகியவை சர்க்கரைக்கு அலைவதில்லை. மூளை எப்போதுமே சர்க்கரையில் வாழும் உறுப்பு என்பதால் அங்கே சிறிய கட்டி ஒளிக்குள் ஒளியாக மறைந்துவிடும், அதற்கு எம்.ஆர்.ஐ. தேவை. ஓரிரு மில்லிமீட்டர் அளவில் உள்ள நோய் எந்த இடத்தில் இருந்தாலும் இதற்குத் தெரியாது. எனவே ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பது உடம்பில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

சர்க்கரைக்கு மசியாத கட்டிகளுக்கு வேறு தூண்டில்கள் வந்திருக்கின்றன. புராஸ்டேட் செல்லின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறில் கேலியம்-68 என்ற கதிரியக்க அணுவை ஏற்றி எடுக்கும் ஸ்கேன் அவற்றில் ஒன்று. பரவும் அபாயம் மிகுந்த 302 ஆண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், அதன் துல்லியம் 92 விழுக்காடு, சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்த பழைய முறைக்கு 65 விழுக்காடு. கேலியம்-68இன் அரை ஆயுள் 68 நிமிடங்கள்தான் என்றாலும், ஜெர்மானியம்-68 அடங்கிய ஒரு சிறு ஜெனரேட்டரிலிருந்து மருத்துவமனையிலேயே அதைக் கறந்துகொள்ளலாம்; சைக்ளோட்ரான் வேண்டியதில்லை. என்னை அதிகம் கவர்ந்தது அடுத்த படி: அதே தூண்டிலில் கேலியத்துக்குப் பதிலாக லுடீசியம்-177ஐ ஏற்றினால், படம் காட்டிய இடத்துக்கே போய் நோயைச் சுடும் மருந்தாகிவிடுகிறது. கேலியம் ஸ்கேனில் ஒளிராத நோயாளிக்கு அந்த விலையுயர்ந்த மருந்தைக் கொடுப்பதில்லை. இங்கேயும் சில நேரம் ஸ்கேன் சொல்வது, வேண்டாம் என்பதுதான்.

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. எங்கள் துறையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சிலருக்குப் பிடிப்பதில்லை. பரவும் வாய்ப்பு குறைந்த, தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க்குப் பெட்-சி.டி. எடுக்காதீர்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இலேயே அறிவுறுத்திவிட்டது. சிகிச்சை முடிந்து எந்த அறிகுறியும் இல்லாமல் நன்றாக இருப்பவருக்கு, பார்த்துவிடுவோம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால் பெரும்பாலான நோய்களில் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. நோயே இல்லாதவருக்கு ‘முழு உடல் பரிசோதனை’ என்ற பெயரில் இதை விற்பது எனக்கு ஒப்புதல் இல்லாத வேலை. எஃப்.டி.ஜி.யும் சி.டி.யும் சேர்ந்து தரும் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து ஓர் ஆண்டில் நம்மேல் விழுவதைப்போலப் பல மடங்கு. புற்றுநோயாளிக்கு அதனால் கிடைக்கும் தெளிவோடு ஒப்பிட்டால் இது சிறிய விலை; நோயில்லாதவருக்கு விலை மட்டும்தான் மிஞ்சும், கூடவே பழைய காசநோய்த் தழும்பு ஒன்று ஒளிர்ந்துவிட்டால் தூக்கமும் போகும். எடுத்துக்கொண்டவர்கள் அன்று மட்டும் கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தைகளிடமிருந்தும் சற்று விலகியிருந்தால் போதும். மறுநாள் அந்த அச்சம் தேவையில்லை.

எங்களுக்கு வரும் சீட்டுகளில் பலவற்றில் நுரையீரல் புற்றுநோய், பெட்-சி.டி. முழு உடல் என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் எழுதப்பட்டிருக்காது. எந்தச் சிகிச்சை எப்போது முடிந்தது, அறுவை எந்தப் பக்கம், காசநோய் வந்ததுண்டா, எதைத் தீர்மானிப்பதற்காக இந்த ஸ்கேன் என்று நான்கு வரி இருந்தால் ரிப்போர்ட் எழுதுகிறவர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவார். இல்லையென்றால் ஒளிர்வதையெல்லாம் வரிசையாக எழுதிவைப்பார். நோயாளியின் வீட்டார் தம் பங்குக்குச் செய்யக்கூடியது, பழைய ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தட்டுகளையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் கொண்டுவருவது. பழைய ரிப்போர்ட் தாள் மட்டும் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. போன முறை 6 மில்லிமீட்டர் கணு ஒன்று இருந்திருக்கலாம், எழுதுமளவுக்கு முக்கியமில்லை என்று அதை எழுதியவர் விட்டிருக்கலாம். இன்றைக்கு அதே இடத்தில் 7 மில்லிமீட்டரில் ஒன்று தெரிந்தால், அது புதிதாக வந்ததா, முன்பே கிடந்ததா என்பதைப் பழைய படத்தைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.